வடசென்னை வீட்டில் கடல்நீர்த் தொட்டி: முதல் பவளத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக அமைத்த கடல்நீர்த் தொட்டிக்கு முதல் பவளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா? தொட்டியின் நீரையும் வெப்பத்தையும் அது தாங்குமா? பக்கத்தில் வளரும் மற்ற உயிர்களோடு ஒத்துப்போகுமா? உலகச் சந்தையில் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை என்று விற்கப்படும் பவளங்களில் பெரும்பகுதியை இந்தியாவில் முதல் கேள்வியே விலக்கிவிடுகிறது. எஞ்சியவற்றை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தின் கோடையும் மின்வெட்டும் தண்ணீரும் இன்னும் சலித்துவிடுகின்றன. கடைசியில் தேறுபவை, பாறை போன்ற எலும்புக்கூடு கட்டாத மென்பவளங்களும் அவற்றின் உறவினங்களும்தான். பழக்கமில்லாத கைகள் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்பவையும் இவையே.

பவளம் என்னும் உயிர்

பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உடல்கள் பல சேர்ந்து ஒரு கூட்டமாக வாழ்கின்றன. ஒவ்வொரு பாலிப்பும் ஒரு பை. அதன் வாயைச் சுற்றி உணர்கொம்புகள் இருக்கும். பெரும்பாலான பவளங்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இவை ஒளிச்சேர்க்கை செய்து, உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகின்றன. பவளத்தின் கழிவுகளைத் தங்களுக்கு உரமாக்கிக்கொள்கின்றன. எனவே தொட்டிப் பவளத்துக்கு முதல் உணவு ஒளிதான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் நிறமிழந்து வெளுத்துப்போகிறது.

வகைப்பாட்டில் பவளங்கள் இரு பெரும் பிரிவுகளாகின்றன. பாலிப்புக்கு எட்டு உணர்கொம்புகள், அவை ஒவ்வொன்றிலும் இறகு போன்ற கிளைகள் உள்ளவை ஒரு பிரிவு. மென்பவளங்களும் கடல் விசிறிகளும் இதில் அடங்கும். ஆறின் மடங்கில் உணர்கொம்புகள் உள்ளவை மற்றொரு பிரிவு. பவளப்பாறைகளைக் கட்டும் கல்பவளங்கள், காளான் பவளங்கள், பொத்தான் பாலிப்புகள், கடற்சாமந்திகள் இதில் வரும்.

வடசென்னைக்குப் பவளத்தோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. மண்ணடிப் பகுதியிலுள்ள பவளக்காரத் தெரு, 17ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரங்களை வாங்கிச் சென்ற யூத வணிகர்களின் நினைவாக நிற்கிறது. அந்த ஆபரணப் பவளமும் எட்டு உணர்கொம்புப் பிரிவைச் சேர்ந்ததே. வீட்டுத் தொட்டியில் வளரும் தோல் பவளத்துக்கு மன்னார் வளைகுடாவின் கல்பவளத்தைவிட மோதிரத்தில் பதித்த சிவப்புப் பவளம்தான் நெருங்கிய சொந்தம்.

சட்டம் விலக்கும் இனங்கள்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஜூலையில் ஐந்து பவள வகைகள் சேர்க்கப்பட்டன: கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளங்கள் அனைத்தும், தீப்பவளங்கள், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறிகள் அனைத்தும். புலிக்கும் யானைக்கும் உரிய அதே உயர்நிலைப் பாதுகாப்பு இது. இவற்றை வைத்திருக்கும் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. குறைந்தபட்ச அபராதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது. இறந்த பவளத் துண்டும் இதற்கு விலக்கில்லை. எனவே தொட்டியின் அடியில் அழகுக்குப் போடும் வெள்ளைப் பவளக் கிளையும் சட்டத்துக்கு முரணானதுதான்.

சுத்தியல் பவளம், தீப்பந்தப் பவளம், டங்கன் பவளம், மூளைப் பவளம், மொன்டிபோரா என வெளிநாட்டுப் பட்டியல்களில் வளர்க்க எளிதானவை என்று இடம்பெறும் பல இனங்கள் கல்பவளங்கள். இந்தியாவில் அவற்றை முழுவதுமாக மறந்துவிட வேண்டும். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பும் அடங்கும். அங்கிருந்து மென்பவளமோ பாறையோ மணலோ எதையும் எடுத்துவரக் கூடாது.

மென்பவளங்கள், காளான் பவளங்கள், பொத்தான் பாலிப்புகள் ஆகியவை அந்த ஐந்து வகைகளில் இல்லை. அதனால் அவற்றை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று பொருளில்லை. உயிருள்ள நீர்வாழ் உயிரினங்களை இறக்குமதி செய்ய மத்திய அரசின் நோய்த்தடுப்பு அனுமதியும் தனிமைப்படுத்தலும் தேவை. வாங்குபவர் கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: இனத்தின் சரியான பெயர் என்ன, எங்கிருந்து வந்தது. அதற்கான ரசீதையும் வாங்கி வைப்பது நல்லது. கடலில் பிடிக்காமல் ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டு, அதாவது கடைக்காரர்கள் ஃப்ராக் என்பது, எல்லா வகையிலும் மேலானது. தொட்டி வாழ்க்கைக்கு அது முன்பே பழகியிருக்கும்.

கடலருகே இருந்தும் கடல்நீர் உதவாத இடம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடந்துபோகும் தூரத்தில் இருக்க, கடல்நீரைக் காசு கொடுத்து ஏன் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. இந்தக் கரையோரத்தில் பவளப்பாறை உருவாகாததற்கான காரணங்களே அதற்கு விடை. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. தெற்கே கூவமும் அடையாறும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்புத்தன்மை வெகுவாக இறங்கும். கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓயாமல் நகரும் மணல் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கடலரிப்புக்கு ஆளானது.

இவற்றோடு தொழிற்சாலைகளின் பங்கும் சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் வெந்நீரும் சாம்பலும் எண்ணூர்க் கழிமுகத்தைப் பல ஆண்டுகளாகப் பாதித்துவருகின்றன. 2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பவளத்துக்கு அம்மோனியா நேரடி நஞ்சு. எண்ணெய்ப் படலமும் கன உலோகமும் அப்படியே. நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. இந்தக் கரையில் முகந்த நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

உப்பளத்து உப்பைக் கரைத்தாலும் கடல்நீர் கிடைக்காது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் மக்னீசியம் ஏறத்தாழ 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். உப்பளப் பாத்திகளில் நீர் வற்றும்போது முதலில் கால்சியம் சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் அடியில் படிகிறது. அடுத்த பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அளத்துக்காரர் வாரி எடுப்பது நடுவில் படிந்ததை மட்டும். பவளத்துக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அதற்கு முன்னும் பின்னும் பிரிந்துபோய்விடுகிறது. ஆகவே கடல்நீர்த் தொட்டிக்கென்றே கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். 100 லிட்டர் நீருக்கு அது மூன்றரை முதல் நான்கு கிலோ பிடிக்கும்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரும் தூய்மையாக இருக்க வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர்வெல் நீர், லாரி நீர், குழாய் நீர் மூன்றிலும் நைட்ரேட், பாஸ்பேட், குளோரின், உலோகங்கள் என ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் பாதி வேலையைத்தான் செய்யும். குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காகப் பல இயந்திரங்களில் ஒரு திருகு மூலம் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். அதை மூடிவிட்டு, அயனி நீக்கும் ரெசின் குழாயைக் கடைசியில் இணைத்தால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் தூயதுபோல் தோன்றினாலும் செம்புச் சுருளில் வழிந்து வருவது. செம்பு மிகச் சிறு அளவிலும் பவளத்தைக் கொல்லும். மீன் நோய்க்கான செம்பு மருந்துகளையும் பவளத் தொட்டியில் இடக் கூடாது.

தொட்டி பக்குவமாகும் காலம்

நீர் நிரப்பிய தொட்டி உடனே பவளத்துக்குத் தயாராவதில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமாகும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.2. நடுநிலை நீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சு வடிவில் இருக்கும் பங்கு இங்கே பத்து மடங்கு அளவுக்குக் கூடுகிறது.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் சற்றே தென்படத் தொடங்கியதும் முதல் பவளத்தை வைக்கலாம். பாறைக்குச் செயற்கையாக வார்த்த பீங்கான் அல்லது சிமென்ட் கற்களே போதும். அப்போது இருக்க வேண்டிய அளவுகள் இவை: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026, வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியஸ், காரத்திறன் 7 முதல் 11 டி.கே.எச்.; கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்; மக்னீசியம் 1,250 முதல் 1,350. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் இல்லாமலிருப்பதும் மென்பவளங்களுக்கு உகந்ததல்ல. லிட்டருக்கு 2 முதல் 15 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால் அவை நன்றாக விரிகின்றன.

கல்பவளத்துக்கும் மென்பவளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரியும். கல்பவளம் நாள்தோறும் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்து எலும்புக்கூடு கட்டுகிறது. அந்த இழப்பை அளந்து அளந்து ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். மென்பவளத்தின் உடலில் இருப்பவை ஊசிமுனை அளவுச் சுண்ணத் துணுக்குகள் மட்டுமே. காளான் பவளத்திலும் பொத்தான் பாலிப்பிலும் அதுவும் இல்லை. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே அவற்றின் தேவை தீர்ந்துவிடும். பயிற்சியில்லாதவர்களுக்கு மென்பவளம் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே வேதியியல் காரணம்.

கோடையும் மின்வெட்டும்

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பவளம் வெளுத்தது. கோடையில் நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஒன்றிரண்டு பாகை உயர்ந்து சில வாரம் நீடித்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. சென்னையின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டி நீர் 30 பாகையை எளிதில் தாண்டும். விளக்கும் பம்பும் தம் பங்குக்குச் சூடேற்றும்.

நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியைத் திருப்பினால் ஆவியாதலால் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் கடற்கரையின் ஈரக்காற்றில் இந்த வழி முழுப் பலன் தராது. மேலும் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் ஐந்து லிட்டர் வற்றினால் உப்புத்தன்மை 35இலிருந்து 36.8க்கு ஏறிவிடும். வற்றிய அளவுக்கு உப்பு கலக்காத தூய நீரைத் தினமும் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். சில்லர் வாங்க வசதியிருந்தால் அதுவே உறுதியான வழி. இல்லையென்றால் வீட்டிலேயே குளிர்ந்த அறையில், மேற்குச் சுவரை ஒட்டாமல் தொட்டியை வைப்பது அடுத்த வழி.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். நீரோட்டம் நின்றால் மீனும் பவளமும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழித்துவிடும். சூடான நீர் குறைந்த அளவு ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தொட்டியைக் காப்பாற்றும். விளக்கு இரண்டு நாள் எரியாவிட்டாலும் மென்பவளம் தாங்கிக்கொள்ளும். மின்சாரம் இல்லாதபோது உணவு போடாமல் இருப்பதும் அவசியம்.

முதல் வரிசைப் பவளங்கள்

காளான் பவளம். டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் இனங்கள் இதில் அடங்கும். தட்டையான வட்டத் தட்டு, நடுவில் வாய், குட்டையான காம்பு என்பதே இதன் உருவம். மரபணு ஆய்வுகள் இதைக் கல்பவளங்களுக்கு மிக நெருங்கிய இனமாகக் காட்டுகின்றன. எலும்புக்கூடு மட்டும் இல்லை. மங்கலான ஒளியும் மெல்லிய நீரோட்டமும் போதும் என்பதால் தொட்டியின் அடிப்பகுதியே இதற்கு இடம். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் அளவில் 50 முதல் 100 போதுமானது. காளான் மெல்ல நகரும்போது காம்பின் அடியில் ஒரு சிறு திசுத்துணுக்கு பாறையில் ஒட்டிக்கொண்டு அறுந்து நிற்கும். சில வாரங்களில் அந்தத் துணுக்கில் ஒரு வாய் திறந்து, விளிம்பு விரிந்து, கடுகளவில் ஒரு புதுக் காளான் உருவாகும். புதிய தொட்டியின் ஏற்ற இறக்கங்களை இதைவிடப் பொறுக்கும் பவளம் அரிது. யானைக்காது எனப்படும் பெரிய வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். அது பைபோல் மூடிக்கொண்டு சிறு மீன்களை விழுங்கும்.

தோல் பவளம். சார்கோஃபைட்டான் குடைபோல் விரியும். சைனுலேரியா விரல்களாகக் கிளைக்கும். இரண்டும் இந்தியக் கடல்களிலும் வாழ்பவை. நடுத்தர ஒளியும் சற்று வலுவான நீரோட்டமும் இவற்றுக்கு வேண்டும். பல வாரங்களுக்கு ஒருமுறை தோல் பவளம் பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு மெழுகு பூசியதுபோல் மங்கிப்போகும். சில நாள்களில் அந்த மெல்லிய படலம் ஓரத்திலிருந்து கிழிந்து, நீரோட்டத்தில் உரிந்து போகும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் பவளம் களைந்துகொள்ளும் முறை இது. புதியவர்கள் இதைச் சாவென்று எண்ணித் தூக்கி எறிந்துவிடுவதுண்டு. படலம் கழன்ற பின் பாலிப்புகள் முன்னைவிட நீளமாக விரியும்.

கென்யா மரம். கேப்னெல்லா இனம். கிளைகளைத் தானே உதிர்த்துப் புதுக் கன்றுகளை உண்டாக்கும். எளிதாக வளரும், அதனாலேயே தொட்டி முழுவதும் பரவிவிடக்கூடும்.

ஜீனியா. பாலிப்புகள் கைபோல் மூடித் திறந்து துடித்துக்கொண்டே இருக்கும். உணவைப் பிடிக்கத்தான் துடிக்கிறது என்று தோன்றினாலும், செங்கடலில் வாழும் ஒரு நெருங்கிய இனத்தை ஆராய்ந்து இஸ்ரேல் அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு வேறு. ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் திசுவைச் சுற்றித் தேங்காமல் இந்தத் துடிப்பு அகற்றுகிறது, அதனால் ஒளிச்சேர்க்கை கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். ஜீனியாவைத் தனிப் பாறையில் வைப்பது நல்லது. பக்கத்துப் பாறையைத் தொட்டால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

நட்சத்திரப் பாலிப்பு. ஊதா நிற ரப்பர் விரிப்பின்மேல் பச்சைப் பாலிப்புகள் புல்போல் நிற்கும். வளர்ப்பதற்கு மிக எளிது. ஆனால் இந்தியாவில் ஒரு சிக்கல் உண்டு. இதன் பேரினமான பிரையேரியத்தை வகைப்பாட்டியலர் பலர் கடல் விசிறிகளின் கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள். கடல் விசிறிகள் அனைத்தும் அட்டவணையில் இருப்பதால் ஒதுங்கிக்கொள்வதே பாதுகாப்பானது. ஆர்கன் குழாய்ப் பவளமும் மேலிருந்து பார்க்க இதேபோல் இருக்கும். அடியில் செங்குழாய்கள் அடுக்காக நின்றால் அது தடைசெய்யப்பட்ட இனம் என்பதில் ஐயமில்லை.

பொத்தான் பாலிப்பும் அதன் நஞ்சும்

சோயாந்தஸ், பாலிதோவா எனும் பொத்தான் பாலிப்புகள் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கிடைக்கும். குஜராத், மகாராஷ்டிரக் கரைகளின் அலையிடைப் பாறைகளை இயற்கையாகவே இவை போர்த்தியிருக்கின்றன. தினமும் இருமுறை அலை வற்றி வெயிலில் காய்ந்தும் மழைநீரில் நனைந்தும் பிழைக்கும் உயிர் தொட்டியின் சிறு தவறுகளை எளிதாகச் சமாளிக்கும்.

ஆனால் இவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் இருக்கிறது. ஹவாயில் ஒரு பாலிதோவா இனத்திலிருந்து 1971இல் மூர், ஷூயர் என்னும் அறிஞர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. உயிரணுச் சவ்விலுள்ள சோடியம் பொட்டாசியம் பம்பைப் பிடித்து, இரண்டும் கட்டுப்பாடில்லாமல் பாயும் வாயிலாக அதை மாற்றிவிடுகிறது. தசையும் இதயமும் அதனால் பாதிக்கப்படுகின்றன. பல நாடுகளில் பதிவான நஞ்சேற்றங்கள் பெரும்பாலும் ஒரே விதமாக நடந்தவை: வேண்டாத பாலிப்புகளை அழிக்கப் பாறையை வெந்நீரில் போட்டார்கள், அல்லது உலர்ந்த பாறையைத் தேய்த்தார்கள், எழுந்த ஆவியும் தூசியும் வீட்டிலுள்ளவர்களின் மூச்சில் ஏறின. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இவற்றைத் தொடவோ வெட்டவோ கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டியில் கை வைக்காமல் இருப்பதே சரி. பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்கக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் ஆண்டு இவற்றை விட்டுவிட்டுக் காளானும் தோல் பவளமும் வளர்க்கலாம்.

மென்பவளம் என்றாலும் தவிர்க்க வேண்டியவை

டென்ட்ரோநெஃப்தியா எனும் பூச்செண்டுப் பவளம் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் கடையில் முதலில் கண்ணில் படும். அதன் உடலில் நுண்பாசி இல்லை. விளக்கொளியால் அதற்குப் பயனில்லை. நுண்மிதவைகளை இடைவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர்களின் தொட்டியிலும் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிப்போகும். கடற்சாமந்தியும் புதிய தொட்டிக்கு ஏற்றதல்ல. அது நகர்ந்து திரியும், பம்புக்குள் சிக்கிச் சிதைந்தால் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். கோமாளி மீனுக்குச் சாமந்தி இன்றியமையாதது என்ற எண்ணமும் தவறு. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு நிலையங்கள் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்த கோமாளி மீன்கள் சாமந்தி இல்லாமலும் நன்றாக வாழ்கின்றன. சில தோல் பவளத்திலேயே ஒண்டிக்கொள்ளும்.

வைப்பதும் கவனிப்பதும்

வாங்கிவந்த ஃப்ராக்கைப் பையோடு அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்ய வேண்டும். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து உப்புத்தன்மையை ஒத்துவரச் செய்ய வேண்டும். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடலாம். அயோடின் கலந்த முக்குக் கரைசலில் சில நிமிடம் வைத்தெடுத்தால் ஒட்டுண்ணிகள் கழன்றுவிழும். பொத்தான் பாலிப்பைத் தின்னும் ஓடில்லாக் கடல்நத்தை, தான் தின்ற பாலிப்பின் நிறத்தையே உடலில் ஏற்றுக்கொள்ளும். உணர்கொம்பு போன்ற நீட்சிகளோடு பாலிப்புகளுக்கிடையில் படுத்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம். அய்ப்டேசியா எனும் கண்ணாடிச் சாமந்தி பழுப்பு நிறத்தில் சிறு பனைமரம்போல் நிற்கும். அதை நசுக்கினால் ஒவ்வொரு துண்டும் புதுச் சாமந்தியாகும் என்பதால் ஃப்ராக் ஒட்டிய கல்லையே மாற்றிவிடுவது மேல்.

முதல் இரண்டு வாரம் பவளத்தைக் கீழே, குறைந்த ஒளியில் வைத்துப் பிறகு அதற்குரிய உயரத்துக்கு ஏற்றலாம். விளக்கு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். காம்பு மெலிந்து நீண்டால் ஒளி போதவில்லை. நிறம் வெளிறினால் ஒளியோ வெப்பமோ மிகுந்துவிட்டது. எல்லாப் பவளமும் ஒரே நாளில் சுருங்கினால் முதலில் உப்புத்தன்மையையும் அம்மோனியாவையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் சுருங்கினால் பக்கத்திலிருப்பதைப் பார்க்க வேண்டும்.

கொட்டும் ஆயுதம் பலவீனமான மென்பவளங்கள் இரசாயனத்தால் போரிடுகின்றன. தோல் பவளங்கள் டெர்பீன் வகைப் பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டையினத்தின் வளர்ச்சியை ஒடுக்கும். கிளர்வூட்டிய கரியைச் சிறு பையில் கட்டி வடிகட்டியில் வைத்து மாதந்தோறும் மாற்றினால் இந்தப் பொருள்கள் நீங்கும். பவளங்களுக்கிடையே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். புதியதொன்றைச் சேர்க்குமுன் முந்தையது ஒரு மாதமாவது நிலைபெற்றிருக்க வேண்டும்.

மிகுந்ததை என்ன செய்வது

நன்றாக வளரும் மென்பவளம் ஓராண்டில் தொட்டியை நிரப்பிவிடும். மிகுந்ததைக் காசிமேட்டுக் கடலிலோ எண்ணூர்க் கழிமுகத்திலோ விடுவது பெருந்தவறு. வெனிசுவேலாவின் கரையில் இந்தோ-பசிபிக் மென்பவளமான யுனோமியா ஸ்டோலோனிஃபெரா பரவி உள்ளூர்ப் பவளப்பாறைகளை மூடிவிட்டது. அலங்கார வணிகத்தின் வழியாகவே அது அங்கு வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டிலும் அயலினப் பரவலுக்குச் சான்று உண்டு. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் படர்ந்தது 2008இல் அறிவியல் இதழில் பதிவானது.

கூடுதலான பவளத்தைத் துண்டாக்கி வேறு தொட்டிக்காரருக்குக் கொடுக்கலாம், அல்லது கடையில் திருப்பித் தரலாம். இறந்த பவளத்தையும் கழித்த பாறையையும் குளோரின் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துப் பிறகு குப்பையில் சேர்க்கலாம்; பொத்தான் பாலிப்பு இருந்த பாறையாயின் கையுறை, கண்ணாடியோடு திறந்தவெளியில் இதைச் செய்ய வேண்டும். மாற்றியெடுத்த நீரைக் கடலில் சேரும் மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே விட வேண்டும்.